விளிம்பில் விளக்கு இல்லை: ரேடியம் கலர் அக்ரிலிக்கில் ஒரு சுருள் சிற்பம்

மாடிப்படித் திருப்பத்தில் தொங்கவிடுவதற்காகத் தொடங்கிய அக்ரிலிக் சிற்பம் ஒருவழியாக நினைத்தபடி ஒளிர்கிறது. உயரம் 1.1 மீட்டர். நடுவில் ஒரு ஸ்டீல் கம்பி, அதைச் சுற்றிச் சுழல் படிக்கட்டு மாதிரி இறங்கும் 24 இலைகள். மேலே 16 பச்சை, கீழே 8 ஆரஞ்சு. இருட்டில் இலைகளின் பரப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய், விளிம்பு மட்டும் வெறுங்காற்றில் வரைந்த கோடாக நிற்கிறது. எந்த இலைக்கும் ஒயர் போகவில்லை, எந்த இலையிலும் பல்பு இல்லை. இந்த நிலைக்கு வருவதற்கு, முதலில் போட்ட அமைப்பு முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. இதே ஷீட்டில் எதையாவது செய்துபார்க்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் பணமும் நேரமும் மிஞ்சட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

பொருள் ஒன்றும் அபூர்வமானது இல்லை. சைன் போர்டு செய்யும் கடைகளில் ‘ரேடியம் கலர் ஷீட்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சிலர் நியான் கலர் என்பார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் எல்லாம் கிடைக்கும். மேலே பூசிய சாயம் இல்லை இது. ஷீட் வார்க்கும்போதே உள்ளே கலந்துவிடுகிறார்கள். அந்தச் சாயம் நீல வெளிச்சத்தையும் புற ஊதாவையும் விழுங்கி, பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பி உமிழும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49 என்பதால், உள்ளே பிறந்த வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 74 சதவீதம் மேல்பரப்பு வழியாகவோ கீழ்ப்பரப்பு வழியாகவோ வெளியே போக முடியாது. உள்ளுக்குள்ளேயே மோதி மோதி ஓரத்துக்குத்தான் ஓடும். 1970களில் ஜெர்மனியில் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர் போன்றவர்கள், இப்படி ஓரத்துக்கு வரும் வெளிச்சத்தைச் சூரிய மின்கலத்தில் பிடிக்கலாம் என்று ஆராய்ந்தார்கள். எனக்கு மின்சாரம் வேண்டாம், அந்த ஓரம் போதும். கோட்பாடு இதோடு முடிந்தது. ஆனால் “பரப்பு வாங்கும், ஓரம் கொடுக்கும்” என்ற இந்த ஒரு வரியை முதலிலேயே உள்வாங்கியிருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும்.

அக்ரிலிக்கைச் சிற்பிகள் வெகுகாலமாகக் கையாள்கிறார்கள். ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்ற வணிகப் பெயர் 1933இல் பதிவானது. ரஷ்யச் சிற்பி நௌம் காபோ இங்கிலாந்தில் இருந்த காலத்தில், 1942–43இல் தொடங்கி, பெர்ஸ்பெக்ஸ் (அங்கே அக்ரிலிக்குக்கு வணிகப் பெயர்) சட்டங்களில் நைலான் நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு வரிசையே செய்தார். ஹங்கேரியக் கலைஞர் மொஹோய்-நாகி 1940களில் சிகாகோவில் பிளெக்ஸிகிளாஸ் தகடுகளைச் சூடாக்கி வளைத்தார். இரண்டுமே நிறமில்லாத அக்ரிலிக். வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தை நம்பியவை. காபோ கோடு போடுவதற்கு நூலைத் தேடினார். ரேடியம் கலர் ஷீட்டில் வெட்டிய ஓரமே கோடாகிவிடுகிறது. நம் ஊரில் இது பேக்கரி போர்டுக்கும் செல்போன் கடைக்கும் மட்டும் போய்க்கொண்டிருப்பது எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம்.

முதலில் கட் பீஸ்களை எடை போட்டு வாங்கினேன். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்ரிலிக் என்று சொல்லிக் கொடுக்கும் துண்டுகளில் சில உண்மையில் பாலிஸ்டைரீன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு சிறு துண்டைக் குறடால் பிடித்து வெட்டவெளியில் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அக்ரிலிக் சடசடவென்று எரியும், புகை குறைவு, பழவாசனை மாதிரி ஒரு நெடி வரும். பாலிஸ்டைரீன் கருகருவென்று கரிப்புகை கக்கும், நூல் நூலாகக் கரி பறக்கும். அந்தத் துண்டுகளை ஒதுக்கிவிட வேண்டியதுதான். லேசரில் ஓரம் சுத்தமாக வராது.

அடுத்து, வார்ப்பு ஷீட்டா, எக்ஸ்ட்ரூடட் (உருக்கி அச்சு வழியாகப் பிதுக்கிய) ஷீட்டா என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் ஷீட்டில் துளை போட்டால் பிசுபிசுவென்று உருகித் துரப்பணத்தில் சுற்றிக்கொள்ளும். வார்ப்பு ஷீட் பொடிப்பொடியாகச் சீவிவரும், லேசரிலும் நன்றாக வெட்டுப்படும். அதில் ஒரே தொல்லை தடிமன். 3 மி.மீ. என்று வாங்கிய ஷீட்டை வெர்னியர் வைத்து நான்கு மூலையிலும் பார்த்தேன். 2.7 முதல் 3.2 வரை இருந்தது. இது கடைக்காரர் ஏமாற்றியது இல்லை, வார்ப்பு முறையிலேயே அவ்வளவு ஏற்ற இறக்கம் வரும். ஒன்றுக்குள் ஒன்று காடி வெட்டிச் சொருகும் வடிவமாக இருந்தால் இது பெரிய விஷயம். 2.6இலிருந்து 0.1 கூட்டிக் கூட்டி ஒரு சீப்பு மாதிரி காடிகள் வெட்டி, எது இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்த்த பிறகே மற்றதை வெட்ட வேண்டும். லேசர் கதிரே 0.2 மி.மீ. அளவுக்குத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அமைப்புக்கு வருகிறேன். போர்டுகளில் எப்படிச் செய்கிறார்களோ அப்படியே தொடங்கினேன். லேசர் கட்டிங் போடும் தம்பியும் அதைத்தான் சொன்னார்: “அண்ணே, எட்ஜ்ல எல்.இ.டி. வெச்சாத்தானே எரியும்? நாங்க போர்டெல்லாம் அப்படித்தானே பண்றோம்.” அவர் சொன்னது நிறமில்லாத அக்ரிலிக்குக்கு நூற்றுக்கு நூறு சரி. நடுவில் ஒரு அலுமினியக் குழாய், அதற்குள் நீல எல்.இ.டி. பட்டை, குழாயில் வெட்டிய பிளவுகளில் ஒவ்வொரு இலையின் காம்பும் சொருகியிருக்கும். எரியவிட்டதும் காம்புப் பக்கம் பளீரென்று எரிந்தது. நான்கு விரல் தள்ளி மங்கல், நுனியில் ஒன்றுமே இல்லை. போனில் இருக்கும், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை ஓரத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். அது கறாரான அளவு இல்லை, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். எல்.இ.டி.யிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் 140 காட்டியது, 20 செ.மீ. தூரத்தில் 12க்கு இறங்கிவிட்டது.

காரணம் லேசானதுதான். ஷீட்டில் இருக்கும் சாயம் நீலத்தை விழுங்குவதற்கென்றே இருப்பது. ஓரம் வழியாக நுழைத்தால், நுழைந்த முதல் சில செ.மீ.க்குள்ளேயே அவ்வளவு நீலத்தையும் சாப்பிட்டுவிடும். நுனிக்கு மிச்சம் எதுவும் வராது. வாட்டைக் கூட்டினால் காம்பு இன்னும் பளீரென்று எரியும், நுனி அப்படியேதான் இருக்கும்.

அதற்குப் பிறகு செய்த சோதனைதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு இலையை மட்டும் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கி, ஒரு நீல டார்ச்சை ஓரத்தில் வைக்காமல் ஒரு மீட்டர் தள்ளி நின்று பரப்பின் மேல் அடித்தேன். இலையைச் சுற்றிலும், காம்பிலிருந்து நுனி வரை, ஒரே சீராக ஓரம் எரிந்தது. நுனியில்தான் கூடுதல் வெளிச்சம் என்றுகூடச் சொல்லலாம். கூர்மையான மூலையில் இரண்டு பக்க ஓரங்களும் சேருவதால் அங்கே ஒரு பொட்டு மாதிரி மின்னியது. குழாய், எல்.இ.டி. பட்டை, 24 இணைப்புகள் எல்லாவற்றையும் அன்றே ஓரம்கட்டினேன்.

இந்த ஒரு மாற்றத்தால் சிற்பத்தின் வடிவமே வேறாகிப்போனது. ஒரு இலை இன்னொரு இலையின் பரப்பை மறைக்கக் கூடாது, மறைத்தால் மேலே இருப்பது நீலத்தைத் தின்றுவிட்டுக் கீழே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும். முதலில் ஒவ்வொரு இலையையும் 15 டிகிரி திருப்பி அடுக்கியிருந்தேன். இலையின் அகலம் 110 மி.மீ., நீளம் 280. அச்சிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு இலையும் ஏறக்குறைய 43 டிகிரி இடத்தை அடைக்கிறது. 15 டிகிரி திருப்பினால் மூன்றில் இரண்டு பங்கு மேல் இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மேலிருந்து வெளிச்சம் அடித்தபோது முதல் நான்கைந்து இலைகள் மட்டும் நன்றாக எரிந்தன, அப்புறம் சரசரவென்று மங்கியது. 30 டிகிரியாக மாற்றியதும் ஒரு முழுச் சுற்றுக்கு 12 இலைகள். ஒன்றை ஒன்று ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மூடும். இரண்டு சுற்றுக்கு 24. மேல் சுற்றுக்கு மேலே ஒரு விளக்கு, கீழ்ச் சுற்றுக்குக் கீழே ஒரு விளக்கு. பகலில் மாடிப்படிக்கு மேலே இருக்கும் வெளிச்சக் கூரை மேல் சுற்றைப் பார்த்துக்கொள்ளும்.

படி ஏறி வருகிறவர் கண்ணுக்கு இலைகள் படுக்கைவாட்டில் இருக்கும். அவர் முதலில் பார்ப்பது பரப்பை இல்லை, ஓரத்தை. அதனால்தான் இந்த இடத்துக்கு இந்த வடிவம் பொருந்தியது. சுவரில் மாட்டுவதாக இருந்தால் இதே வடிவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விளக்கு தேர்வில் கொஞ்ச நாள் போனது. மூன்று வகை வாங்கிப் பார்த்தேன். 450 நானோமீட்டர் அலைநீள நீல எல்.இ.டி. பச்சையையும் ஆரஞ்சையும் பிரமாதமாக எரியவைத்தது. ஆனால் அறை முழுக்க நீலமாகிவிடுகிறது, கோடு தனியாகத் தெரிவதில்லை. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குறைவு, அதனால் அதுதான் சரியாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். என்னிடம் இருந்த பச்சை ஷீட்டில் அது ஏமாற்றியது. வெளியில் வைக்கத் தோதாக ஷீட்டில் புற ஊதாத் தடுப்பான் சேர்ப்பது வழக்கம். அந்தத் தடுப்பான் 365ஐ வீணாக விழுங்கிவிடுகிறது, சாயத்துக்குக் கிடைப்பதில்லை. 395 நானோமீட்டர்தான் நடுவாக அமைந்தது. மெல்லிய ஊதாப் படலம் தெரியும், ஆனால் பச்சையை மூழ்கடிக்காது. சென்னை ரிச்சி தெருவில் 10 வாட் விளக்காக இரண்டு வாங்கினேன். நீல நிற ரேடியம் ஷீட்டும் ஒரு துண்டு வைத்திருந்தேன். அது 450இல் எரியவே இல்லை, 395இலும் சுமார்தான். அதைச் சேர்க்கவில்லை.

கீழிருந்து மேலே அடிக்கும் விளக்கு யார் கண்ணிலும் நேராகப் படக் கூடாது. இந்த அலைநீளத்தில் கண் வெளிச்சத்தைக் குறைவாகத்தான் உணரும், அதனால் கூச்சம் வராது, ஆனால் கண்ணுக்குள் போவது போய்க்கொண்டுதான் இருக்கும். 6 அங்குல பி.வி.சி. குழாயில் 12 செ.மீ. நீளம் அறுத்து, உள்ளே மினுமினுப்பில்லாத கருப்பு அடித்து, விளக்கைக் குழாயின் அடியில் பொருத்தினேன். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தால் தவிர விளக்கு தெரியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் மேலே ஒரு கம்பி வலையாவது போட்டுவிடுங்கள்.

வெட்டும் வேலையை லேசரில் முடித்தோம். 80 வாட் இயந்திரம், 3 மி.மீ. ஷீட்டுக்கு வினாடிக்கு 15 மி.மீ. வேகம். ஒரு இலைக்கு முக்கால் நிமிடத்துக்கும் கீழேதான். ஊதும் காற்றைக் குறைத்து வைக்கச் சொன்னேன். காற்று அதிகமானால் ஓரம் வெளுத்துப்போகும், குறைவாக இருந்தால் வெட்டும்போதே கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்துவிடும். காகித உறையை உரிக்காமலே வெட்ட வேண்டும். ஷீட்டைத் தேன்கூட்டு மேசையில் நேராகக் கிடத்தாமல் ஆணிகளின் மேல் தூக்கி வைத்தால் அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாகச் சூட்டுத் தழும்பு விழாது.

இப்போது விரிசல். முதல் இரண்டு இலைகளைத் துடைக்கக் கை கழுவும் சானிடைசர் எடுத்தேன். துடைத்த கொஞ்ச நேரத்தில் ஓரம் நெடுக முடி மாதிரி நுண்விரிசல்கள், ஓரத்துக்குச் செங்குத்தாக, 2 மி.மீ. உள்ளே வரைக்கும் கிளம்பின. சாதாரண ஷீட்டாக இருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. இதில் ஒவ்வொரு விரிசலும் வெளிச்சத்தை வெளியே விடும் வாசல். இருட்டில் ஓரம் முழுக்கப் பூரான் கால் மாதிரி தெரிந்தது. லேசர் ஓரத்தை உருக்கி ஆறவைக்கும்போது உள்ளே இழுவிசை தங்கிவிடுகிறது. ஆல்கஹாலோ தின்னரோ பட்டதும் அது விரிசலாக வெளிப்படுகிறது. அக்ரிலிக் துண்டுகளைக் குளோரோஃபார்மைச் சிரிஞ்சில் எடுத்து ஒட்டும்போதும் இதேதான் நடக்கும்.

தீர்வு, ஷீட்டை மிதமான சூட்டில் வைத்து மெதுவாக ஆறவிடுவது. 80 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம், அப்புறம் மணிக்கு 15 டிகிரிக்கு மேல் இறங்காமல் குளிரவிட வேண்டும். வீட்டு ஓவனில் 280 மி.மீ. இலை தட்டையாக நுழையவில்லை, அதன் சூட்டுக் குமிழையும் நம்ப முடியாது. அதனால் ஒரு பெட்டி செய்தேன். 12 மி.மீ. பிளைவுட், உள்ளே அலுமினியத் தாள், 200 வாட் குண்டு பல்பு இரண்டு, பீங்கான் ஹோல்டர், ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், ரெக்ஸ் சி100 வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, சூட்டை அளக்கும் கே வகை சென்சார். பிளாஸ்டிக் ஹோல்டர் வேண்டவே வேண்டாம், இளகிவிடும். ஃபேனையும் பெட்டிக்கு வெளியே வைத்து ஓட்டை வழியாக ஊதவிடுவது நல்லது. உள்ளே வைத்தது சீக்கிரமே சத்தம் போட ஆரம்பித்தது.

பெட்டியில் வைத்த முதல் தவணையில் பல்புக்கு நேரே இருந்த இலை ஒரு பக்கம் தொய்ந்துபோனது. சென்சார் 80தான் காட்டியது. காற்றுக்கு 80, ஆனால் பல்பின் நேர்ச்சூடு இலையில் வேறு. நடுவில் ஒரு அலுமினியத் தகட்டை மறைப்பாக நிறுத்தியதும் சரியாகிவிட்டது. இலைகளைக் கண்ணாடித் துண்டுகளின் மேல் தட்டையாகக் கிடத்தினேன். காகித உறையை இதற்கு முன்பே உரித்துவிட வேண்டும். சூடானால் பசை ஷீட்டோடு இறுகிவிடும். உரிக்கும்போது ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினேன். சூடு கொடுத்து முடித்த ஒரு கழிவுத் துண்டில் வேண்டுமென்றே சானிடைசர் ஊற்றி இரவு முழுக்க விட்டுப் பார்த்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. அப்படியும் இலைகளை இனிமேல் ஆல்கஹாலால் துடைப்பதாக இல்லை.

ஓரத்தைப் பளபளப்பாக விடுவதா, தேய்த்து மங்கலாக்குவதா என்பதில் எனக்கே இரண்டு மனது இருந்தது. லேசர் கொடுத்த பளபளப்பு நேராகப் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும், கொஞ்சம் நகர்ந்தால் இருண்டுவிடும், இன்னும் நகர்ந்தால் வேறொரு இடத்தில் மின்னும். 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்த ஓரம், எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி அமைதியான கோடு. பளபளப்பான ஓரத்தில் பாதி வெளிச்சம் மறுபடி உள்ளே திரும்பிவிடுகிறது. சொரசொரப்பில் அது சிதறி நாலாபக்கமும் வந்துவிடுகிறது. மாடிப்படியில் பார்க்கிறவர் நடந்துகொண்டே இருப்பார். அதனால் வளைவான இரண்டு பக்கங்களையும் தேய்த்தேன், நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பளபளப்பை விட்டேன். கோடு சீராக ஓடிவந்து நுனியில் ஒருமுறை மின்னி நிற்கிறது. முழுச் சிற்பத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். தேய்க்கும்போது பரப்பில் உரசாமல் இருக்க இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பரப்பில் விழும் ஒரு நகக்கீறலும் இருட்டில் பச்சையாக எரியும்.

கோர்ப்பதற்கு 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் மரைக்கம்பி 1.3 மீட்டர். இலைகளுக்கு நடுவே நிறமில்லாத அக்ரிலிக் குழாய், வெளிவிட்டம் 12, உள்விட்டம் 8, நீளம் 42 மி.மீ. இலையோடு சேர்த்து ஒரு படி 45 மி.மீ. குழாய்க்கும் இலைக்கும் நடுவே 25 மி.மீ. விட்டமுள்ள நைலான் வாஷர். ரப்பர் மாதிரி வளையும் பி.வி.சி. வாஷர் போடாதீர்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை அக்ரிலிக்கில் விரிசலை வரவழைக்கும். இலையின் துளை 6.5 மி.மீ. எங்கேயும் பசை இல்லை. பசை தொட்ட இடத்தில் வெளிச்சம் கசிந்துவிடும். உலர்வாகத் தொட்டுக்கொண்டு இருந்தால் நடுவில் இருக்கும் மெல்லிய காற்று அதைத் தடுத்துவிடும். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு துண்டில் டேப் ஒட்டியும் ஒட்டாமலும் பாருங்கள், ஓரம் மங்குவது கண்ணுக்கே தெரியும்.

கீழே நட்டுக்கு முன்னால் ஒரு ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். அக்ரிலிக் சூட்டில் ஸ்டீலைவிட நான்கு மடங்குக்கு மேல் நீளும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.07 மி.மீ. வெளிச்சக் கூரைக்குக் கீழே இரவில் 24, மதியம் 40 என்று போனால், கம்பியைவிட அக்ரிலிக் அடுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக நீளப் பார்க்கும். நட்டை இறுக்கி வைத்திருந்தால் துளையைச் சுற்றி வெடிக்கும். தளர்த்தி வைத்தால் இரவில் இலைகள் திரும்பிவிடும். ஸ்பிரிங் அதை வாங்கிக்கொள்கிறது.

30 டிகிரி கோணத்துக்கு ஒரு பலகையில் வட்டம் போட்டு 12 கோடு கிழித்து, அதன் நடுவில் கம்பியை நிறுத்தி, ஒவ்வொரு இலையையும் கோட்டுக்கு நேராகப் பார்த்துக் கோர்த்தேன். ஒரு இலை சுமார் 73 கிராம். நுனியில் 4 மி.மீ. தொய்வு வருகிறது, இலைக்கு அது அழகாகவே இருக்கிறது. மொத்த எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 2 மி.மீ. ஸ்டீல் கயிற்றில் கொக்கியில் தொங்குகிறது.

தொங்கவிட்டு விளக்கைப் போட்டதும் பரப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி மின்னியது. பருத்தித் துணியின் பஞ்சு. துணி சோப்பில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளும் புற ஊதாவில் ஒளிரும், அதனால் பனியனிலிருந்து உதிர்ந்த ஒரு நூல்கூடத் தெரிகிறது. உறையை உரிக்கும்போது அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் ஏறுவதால் பஞ்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் இன்னும் இழுக்கும். ஒரு மக் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, அப்படியே காற்றில் உலரவிட்டேன். இப்போது நான் துடைப்பதே இப்படித்தான். படுக்கைவாட்டு இலை என்பதால் தூசி படியும், மாதம் ஒருமுறையாவது துடைக்க வேண்டியிருக்கிறது.

பகலில் இது இவ்வளவு ஒளிரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உச்சி வெயிலில் சுற்றிலும் வெளிச்சம் என்பதால் எடுப்பாகத் தெரியாது. மழை மூட்டத்திலும், சூரியன் இறங்கிய பிறகான கால் மணி நேரத்திலும் விளக்கே போடாமல் ஓரங்கள் எரிகின்றன. அப்போது வானத்திலிருந்து வருவதில் நீலத்தின் பங்கு கூடுதல், சாயத்துக்கு வேண்டியதும் அதுதான். கரண்ட் போன ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “என்னப்பா, உங்க வீட்டுல மட்டும் இன்வெர்ட்டரா?” என்று கேட்டார்.

செலவு: ஷீட் 10 சதுர அடி, சதுர அடி ₹220 வீதம் ₹2,200. லேசர் நிமிடத்துக்கு ₹15, எல்லாம் சேர்த்து ₹450. மரைக்கம்பி, நட்டு, வாஷர், ஸ்பிரிங் ₹380. அக்ரிலிக் குழாய் ₹300. விளக்கு இரண்டும் ₹1,100. கயிறு, கொக்கி, பி.வி.சி. துண்டு, பெயின்ட் ₹350. ஆக ₹4,780. சூடுபண்ணும் பெட்டிக்குத் தனியாக ₹1,900 ஆனது, அது அடுத்த வேலைகளுக்கும் உதவும். கழற்றிப் போட்ட முதல் அமைப்பின் செலவை இதில் சேர்க்கவில்லை.

நிறம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பச்சை, ஆரஞ்சு, ரோஸ் மூன்று நிறத்திலும் ஒவ்வொரு துண்டை எடுத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி மொட்டை மாடியில் வைத்திருந்தேன். ஒரு கோடை கழிந்து தாளை எடுத்தபோது ரோஸ் நிறத்தில் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆரஞ்சில் லேசாக, பச்சையில் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. இது நான் வாங்கிய ஷீட்டின் கணக்கு. உங்கள் ஷீட்டுக்கு இதே சோதனையை நீங்களே செய்துபாருங்கள், ஒரு துண்டும் கொஞ்சம் பொறுமையும் போதும். ரோஸை நான் சிற்பத்தில் சேர்க்காததற்குக் காரணம் இதுதான்.

அடுத்த முறை இரண்டு விஷயங்களை மாற்றுவேன். வட்டத் துளைக்குப் பதிலாக 12 பட்டை உள்ள துளையும், அதற்குப் பொருந்தும் பட்டை வாஷரும் வைப்பேன். சுத்தம் செய்யக் கழற்றினால் கோணத்தை மறுபடி அளக்காமல் கோர்த்துவிடலாம். இரண்டாவது, 2 மி.மீ. ஷீட். பரப்பு அதே அளவு, ஓரம் மட்டும் மெலிகிறது என்பதால் கோடு இன்னும் கூர்மையாகவும் பிரகாசமாகவும் வர வேண்டும். ஆனால் தடிமன் குறைந்தால் நீலத்தை விழுங்குவதும் குறையும், தொய்வும் கூடும். இலையின் நீளத்தை 280இலிருந்து 200க்குக் குறைத்து, சாயம் அடர்த்தியாக இருக்கும் ஷீட்டில் ஒரே ஒரு இலையை மட்டும் முதலில் வெட்டி, பரப்பில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை வெட்டக் கொடுக்கப்போகிறேன்.